யாரோ முன்பே வந்துபோன ஊர்

கல்யாணமாகி நான் தாப்பாவிலிருந்து மலைமேல் இருந்த தேயிலைத் தோட்டத்துக்கு வந்தபோது, அந்த வீட்டில் எனக்கு முன்பே ஒரு கம்ப்யூட்டர் வந்து உட்கார்ந்திருந்தது. எண்பதுகளின் கடைசி வருடங்கள் அவை. எங்கள் லயத்தில், அந்தத் தோட்டத்து வரிசை வீடுகளில், டெலிவிஷன் இல்லாத வீடுகள்கூட இருந்தன. என் கணவர் தேயிலைத் தொழிற்சாலையில் வயர்மேன். ஈப்போவில் ஒரு கடைக்காரர் கழித்துப்போட்ட பெட்டிகளை வாங்கி வந்து, பழைய மின்விசிறியைப் பிரிப்பதுபோலப் பிரித்து, சுத்தம் செய்து, ஒரு மெஷினாகச் சேர்த்து வைத்திருந்தார். திரை முழுக்கப் பச்சை. வேறு நிறமே கிடையாது. மலையின் ஈரம் உள்ளே இறங்காமல் இருக்க அதன் மேல் ஒரு வெள்ளைத் துண்டு போர்த்தி, பக்கத்தில் ஒரு சின்ன பல்பை எப்போதும் எரியவிட்டிருப்பார். என்னைக் கொண்டுவிட வந்த சித்தி அதைச் சாமி மாடம் என்று நினைத்து, செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார்.

என் கணவர் அதிகம் பேசமாட்டார். ஒன்பதாம் வகுப்பான படிவம் மூன்றோடு பள்ளிக்கூடத்தை விட்டவர். நான் படிவம் ஐந்து முடித்தவள். அந்த மெஷினில் வரும் விளையாட்டுகளோ முழுக்க இங்கிலீஷ். அதனால் வந்த முதல் வாரமே எனக்கு ஒரு வேலை கிடைத்துவிட்டது. திரையில் எழுத்து வரும்போது நான் வாசித்துத் தமிழில் சொல்ல வேண்டும். அவர் கேட்டுவிட்டு விசையை அழுத்துவார். "என்னா சொல்றான்?" என்று கேட்பார். நான் சொல்வேன். புதிதாகக் கல்யாணமான இரண்டு பேர் பேசிக்கொள்ள வேண்டியதில் பாதியை நாங்கள் அப்படித்தான் பேசிக்கொண்டோம்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில்தான் விளையாடுவோம். மற்ற நாட்களில் தொழிற்சாலையில் உருளைகள் சுற்றத் தொடங்கியதும் லயத்துக் கரண்டு தடுமாறும், திரை நடுங்கும். ஞாயிற்றுக்கிழமை அது அசையாமல் நிற்கும். சாப்பாடு முடிந்து நாங்கள் உட்காரும் நேரத்தில் மூடுபனி சன்னல் வரைக்கும் வந்திருக்கும். தேயிலைச் சரிவு, எதிர் லயம், கோயில் மணிக்கூண்டு எல்லாம் ஒவ்வொன்றாக மறைந்து, கடைசியில் எங்கள் அறையும் அந்தப் பச்சைத் திரையும் மட்டும் மிஞ்சும்.

எங்களிடம் இரண்டு விளையாட்டுகள் இருந்தன. அட்டைப்பெட்டி கிடையாது, படம் கிடையாது. பிளாப்பி டிஸ்க்கின் உறையில் கடைக்காரர் பேனாவால் எழுதிய ஒரு எண் மட்டும்தான். நாங்களே பெயர் வைத்துக்கொண்டோம். ஒன்று ராஜா கேம். மற்றது குண்டு கேம்.

ராஜா கேமில் கோட்டை, காடு, மந்திரவாதி, வாள் எல்லாம் உண்டு. குண்டு கேமில் உலகப்போர் வந்து, பெரிய குண்டுகள் விழுந்து, எல்லாம் எரிந்து பல வருடங்கள் ஆகியிருக்கும். பாலைவனம், இடிந்த ஊர்கள், துப்பாக்கியோடு சுற்றும் நான்கு பேர். அந்த நான்கு பேரும் நாங்கள்தான். இரண்டிலும் ஒரு நாடே விரிந்து கிடக்கும். வடக்கே போகலாம், தெற்கே போகலாம், ஒரு மரத்தடியில் சும்மா நிற்கலாம். இங்கே போ அங்கே போ என்று யாரும் விரட்ட மாட்டார்கள். விடிந்தால், வேலை வாங்கும் மண்டோர் ஆள் எண்ணும் பிரட்டுக்குப் போய் நின்று, அவர் காட்டும் மலைக்குக் கொழுந்து பறிக்கப் போய்க்கொண்டிருந்த எனக்கு அது பெரிய ஆச்சரியமாக இருந்தது.

அவருக்கு ராஜா கேம்தான் பிடிக்கும். அதில் கெட்டது இனிமேல்தான் வரப்போகிறது. நாம் போய்த் தடுக்க வேண்டும். குண்டு கேமில் கெட்டது வந்து முடிந்துவிட்டது, நாம் தாமதமாகப் போய்ச் சேர்ந்திருக்கிறோம். ராஜா கேமில் ஒரு பெட்டியைத் திறந்தால் உள்ளே இருப்பது நமக்காக வைத்தது. குண்டு கேமில் ஒரு தண்ணீர்க் குடுவை கிடைத்தால்கூட, இதை வைத்துவிட்டுப் போனவர் எங்கே என்று எனக்குத் தோன்றும். இன்னொரு வித்தியாசமும் இருந்தது. ராஜா கேமில் தவறுதலாக ஒரு காவலாளியை வெட்டிவிட்டால் கவலையில்லை. ஊரைவிட்டு வெளியே போய்த் திரும்பி வந்தால் அவர் அதே இடத்தில் நின்று அதே வணக்கத்தைச் சொல்வார்.

"போயிட்டு வந்தா எல்லாம் சரியாயிடுது பாரு," என்பார் என் கணவர். அதைச் சொல்லும்போது மட்டும் அவர் முகத்தில் ஒரு திருப்தி தெரியும்.

நான் குண்டு கேமைக் கேட்பேன். அதன் முதல் ஊருக்குள் நாங்கள் நுழைந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. வீடுகளின் கதவுகள் எல்லாம் திறந்து கிடந்தன. தெருவில் ஒரு ஆள் இல்லை. பெட்டிகளைத் திறந்தால் காலி. ஒரு வாசல் அருகே போனதும் எழுத்து வந்தது. நான் வாசித்தேன்.

"ஒரு பொம்பள வாசல்ல நிக்கிறாங்களாம். நம்மளப் பார்த்துக் கை ஆட்டுறாங்க. களைச்சுப்போய் வந்திருக்கீங்க, உள்ள வாங்கன்னு கூப்பிடுறாங்க."

"எங்க?" என்றார் அவர்.

வாசலில் யாரும் இல்லை. வெறும் கதவு.

"திரும்பப் படி."

திரும்பப் படித்தேன். அதேதான். கடைக்குப் போனோம். கடைக்காரர் சிரித்துக்கொண்டே என்ன வேண்டும் என்று கேட்பதாக எழுத்து சொன்னது. மேசைக்குப் பின்னால் யாரும் இல்லை. கிணற்றடியில் பிள்ளைகள் கத்தி விளையாடுவதாக வந்தது. கிணறு மட்டும் இருந்தது. நான் வாசிக்க வாசிக்க என் குரலே எனக்கு என்னவோபோல் ஆகிவிட்டது. சன்னலுக்கு வெளியே பனி நின்றுகொண்டிருந்தது.

"இப்படித்தான் செஞ்சிருப்பான் போல," என்றார் அவர். "குண்டு போட்ட ஊருல்ல."

அடுத்த ஊரும் அப்படி, அதற்கடுத்ததும் அப்படி. போகிற இடமெல்லாம் எழுத்தில் ஆட்கள் எங்களை வரவேற்றார்கள், படத்தில் யாரும் இல்லை. சில கதவுகள் மட்டும் பூட்டியிருந்தன. அவற்றை நாங்கள் விட்டுவிட்டு நடந்தோம்.

அந்த வருடக் கடைசியில்தான் மேல் டிவிசனைக் காலி செய்தார்கள். எங்கள் தோட்டத்தின் உச்சியில், தொழிற்சாலையிலிருந்து அரைமணி நேர ஏற்றத்தில் இருந்த பழைய லயங்கள் அவை. ஆட்கள் குறைந்துபோய்விட்டார்கள், ரோடும் மழைக்கு நிற்கவில்லை. மிச்சமிருந்த குடும்பங்களுக்குக் கீழே வீடு கொடுத்தார்கள். கடைசிக் குடும்பங்களை ஏற்றிவர கோலா தெர்லாவிலிருந்து ஒரு காய்கறி லோரியை ஞாயிற்றுக்கிழமைக்குப் பேசியிருந்தார்கள். காலையிலேயே எல்லாரும் இறங்கிவிடுவார்கள், மத்தியானம் போய்க் கரண்டை வெட்டிவிட்டு பல்பு, சுவிட்சுகளைக் கழற்றி எடுத்து வந்துவிடு என்று ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி என் கணவரிடம் சொல்லியிருந்தார்.

"நீயும் வா," என்றார் அவர். "பல்பு தூக்க ஆள் வேணும்." அவர் தனியாகப் போக விரும்பவில்லை என்று எனக்குப் புரிந்தது.

நாங்கள் ஏறிப்போனபோது பனி எங்களுக்கு முன்னாலேயே போயிருந்தது. லயத்தின் ஒரு முனையில் நின்றால் மறுமுனை தெரியவில்லை. வாசல்களில் உடைந்த வாளி, ஒற்றைச் செருப்பு, யாரோ வேண்டாமென்று விட்டுப்போன துளசிச் செடி. கொடியில் ஒரு பிள்ளையின் சட்டை தொங்கியது. அவர் கம்பத்தில் ஏறி வரிசையாக வெட்டிக்கொண்டு வந்தார். நான் திறந்திருந்த வீடுகளுக்குள் போய் பல்புகளைக் கழற்றிக் கூடையில் போட்டேன். பூட்டிய கதவு ஒன்றிரண்டு இருந்தது. வழக்கத்தில் பூட்டிவிட்டுப் போயிருப்பார்கள் என்று தாண்டிப் போனேன்.

பழைய லயங்களில் வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் சுவர் கூரை வரைக்கும் போகாது. மேலே ஒரு முழம் இடைவெளி இருக்கும். பக்கத்து வீட்டில் தாளித்தால் இங்கே தும்மல் வரும். நான் ஒரு சமையலறையில் முக்காலி மேல் ஏறி நின்று பல்பைத் திருகிக்கொண்டிருந்தேன். அப்போது அந்த இடைவெளி வழியாக ஒரு பெண்ணின் குரல் சாதாரணமாகக் கேட்டது.

"கரண்டு போயிருச்சா? ஒங்க வூட்லயும் இல்லையா?"

"இங்கயும் இல்லக்கா," என்றேன். லயத்தில் இருப்பவர்களுக்கு அந்தப் பதில் யோசிக்காமல் வரும்.

"வந்துரும், வந்துரும்," என்றது குரல்.

அதற்குப் பிறகுதான் எனக்கு உறைத்தது. கையிலிருந்த பல்பு நழுவி விழுந்து உடைந்தது. நான் இறங்கி வெளியே வந்து பக்கத்து வீட்டு வாசலுக்குப் போனேன். வெளியே பூட்டு தொங்கியது. சன்னல் பலகைகள் அடைத்திருந்தன. உள்ளே இருட்டு. கதவில் காதை வைக்க எனக்குத் தைரியம் வரவில்லை. கம்பத்தடிக்கு ஓடினேன்.

"உள்ள ஆள் இருக்காங்க."

"யாரும் இல்ல. மண்டோர் பார்த்துட்டுதான் சொன்னாரு."

"எங்கிட்ட பேசுனாங்க. கரண்டு போயிருச்சான்னு கேட்டாங்க."

அவர் இறங்கி வந்தார். என்னை ஒரு தடவை பார்த்தார், பூட்டை ஒரு தடவை பார்த்தார். காற்றாக இருக்கும் என்று சொல்ல வாயெடுத்தார். உள்ளே யாரோ இருமினார்கள். அவர் முகம் மாறிவிட்டது. சற்று முன்பு அந்த வீட்டுக் கம்பியை அவர்தான் வெட்டியிருந்தார்.

"யாரு உள்ள?" என்று கேட்டார்.

ஆம்பளைக் குரலுக்குப் பயந்திருப்பார்கள் என்று நான் கூப்பிட்டேன். "அக்கா, நான்தான். பக்கத்து வூட்ல பேசுனேனே."

"லோரி வந்துருச்சா?" என்றது குரல்.

அவர் பூட்டை உடைக்கவில்லை. பையிலிருந்து திருப்புளியை எடுத்து, கொண்டி அடித்திருந்த திருகுகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். கதவைத் தள்ளியதும் பனியின் வெளிச்சம் உள்ளே போய் விழுந்தது. கட்டிவைத்த மூட்டைகள், கவிழ்த்த சட்டிகள். நடுவில் சுருட்டிய பாயின் மேல் ஒரு பெண், என்னைவிடப் பத்து வயது மூத்தவராக இருப்பார், புதுப்புடவை கட்டி, தலை வாரிப் பூ வைத்து, கிளம்பத் தயாராக உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மூடி வைத்த சோறும் ஒரு செம்புத் தண்ணீரும் இருந்தன. எங்களைப் பார்த்து அவர் சந்தோஷப்படவில்லை.

"அவுரு வந்து தொறப்பாரு. நீங்க எதுக்குத் தொறந்தீங்க?" என்றார். "மூடுங்க. நான் வெளிய போவக்கூடாது."

பிறகு தெரிந்துகொண்ட விஷயம் இது. பிரசவத்தில் ஒரு குழந்தையைப் பறிகொடுத்ததிலிருந்து அவருக்கு மனம் நிலையாக இல்லை. கதவு திறந்திருந்தால் தேயிலைக்குள் இறங்கி நடந்துவிடுவார். பனியில் எந்தப் பக்கம் போகிறோம் என்று தெரியாமல் போய்க்கொண்டே இருப்பார். இரண்டு தடவை பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் கண்டுபிடித்துக் கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். அன்றைக்கு லோரியில் எல்லாச் சாமான்களையும் ஏற்ற முடியவில்லை. அடுத்த நடையில் மிச்சத்தையும் மனைவியையும் ஏற்றிக்கொள்ளலாம் என்று அவருடைய கணவர் கதவைப் பூட்டிவிட்டு லோரியோடு இறங்கியிருக்கிறார். கீழே சேற்றில் வழுக்கி லோரி வாய்க்காலில் இறங்கிவிட்டது, அதைத் தூக்குவதிலேயே அவருக்குப் பொழுது போய்விட்டது. மண்டோர் லோரி போனதைப் பார்த்தார், பூட்டைப் பார்த்தார், எல்லாரும் போய்விட்டார்கள் என்று முடிவு கட்டிவிட்டார்.

இது எதுவும் அப்போது எங்களுக்குத் தெரியாது. கீழே போகலாம் என்றோம், வரமாட்டேன் என்றார். கையைப் பிடித்ததும் உடம்பு முழுக்க விறைத்தது. நான் விட்டுவிட்டேன். அவர் சொன்னபடி கதவைப் பாதி மூடி, அதற்கு முதுகைக் கொடுத்து உள்ளே உட்கார்ந்துகொண்டேன். என் கணவர் வெளியே போனார். கம்பத்தில் அவர் ஏறும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் எங்கள் தலைக்கு மேல் பல்பு எரிந்தது.

"நான் சொன்னேன்ல, வந்துரும்னு," என்றார் அந்த அக்கா. அதற்குப் பிறகு அவர் என்னோடு பேசினார். இந்த லயத்தில் யார் வீட்டுக் கோழி எந்த வீட்டில் முட்டையிடும், யார் வீட்டு ரேடியோ விடியற்காலையில் பாடும், எதிர் வீட்டில் எத்தனை பிள்ளைகள் என்று எல்லாம் சொன்னார். எல்லாரும் இப்போது உள்ளே தூங்குவதுபோலத் தாழ்ந்த குரலில் சொன்னார். நான் அந்த வீடுகள் ஒவ்வொன்றிலும் போய் பல்பைக் கழற்றி வந்தவள். தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தேன்.

வெளிச்சம் மங்கும் நேரத்தில் அவருடைய கணவர் ஓடி வந்து சேர்ந்தார். முழங்கால் வரை சேறு. வாசலில் நின்று மூச்சு வாங்கினார்.

"வளைவுலேருந்து பார்த்தேன்," என்றார் என் கணவரிடம். "லயம் பூரா இருட்டு, என் வூட்ல மட்டும் லைட்டு. யாருன்னு புரியல. ஓடியாந்துட்டேன் அண்ணே."

தன் கணவர் வந்து கூப்பிட்டதும் அந்த அக்கா எழுந்து, செம்பிலிருந்த தண்ணீரைத் துளசிச் செடிக்கு ஊற்றிவிட்டு, எங்களோடு நடந்து இறங்கினார். மூட்டைகளைப் பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். என் கணவர் அந்த ஒரு கம்பியை அன்றைக்கு வெட்டவில்லை. நாங்கள் வளைவு திரும்பும்போது நான் பார்த்தேன். பனிக்குள் அந்த வெளிச்சம் எதனோடும் சேராமல் தனியாக நின்றது. மறுநாள் போய் வெட்டிவிட்டு வந்தார். அன்று அவர் சாப்பிடும்போது, பூட்டு இருந்தால் ஆள் இல்லை என்று தன்னால் எப்படி நினைக்க முடிந்தது என்று தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார். நானும் அப்படித்தானே தாண்டிப் போனேன்.

சில வாரங்கள் நாங்கள் மெஷினைத் தொடவில்லை. பிறகு அவர் ஒரு வேலையாக ஈப்போ போனபோது, கடைக்காரரிடம் குண்டு கேமில் ஆட்களே இல்லையே என்று கேட்டிருக்கிறார். கடைக்காரர் சிரித்தாராம்.

"அது யாரோ விளையாண்ட டிஸ்க்கு லா. அத அப்படியே காப்பி பண்ணிட்டேன். அந்த கேம்ல செத்தவன் செத்தவன்தான், திரும்ப வரமாட்டான். டிஸ்க்குலயே எழுதிரும், அந்தந்த எடத்து எழுத்து மட்டும் மாறாம வரும். ஒனக்கு முன்னாடி ஒருத்தன் எல்லாரையும் சுட்டுட்டுப் போயிருக்கான்."

அவர் புது டிஸ்க்கோடு வந்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் உட்கார்ந்தோம். அதே முதல் ஊர். தெரு முழுக்க ஆட்கள் நகர்ந்துகொண்டிருந்தார்கள். கிணற்றடியில் பிள்ளைகள் இருந்தார்கள். கடையில் மேசைக்குப் பின்னால் ஒருவர் நின்றார். அந்த வாசலுக்கு நாங்கள் போகும் முன்பே எனக்கு எழுத்து மனப்பாடம். வாசலில் ஒரு பெண் உருவம், விரல் நகம் அளவுதான், பச்சைக் கோடுகளால் ஆனது, நின்றுகொண்டிருந்தது.

"படி," என்றார் அவர்.

என்னால் படிக்க முடியவில்லை. நான் அந்த அம்மாவின் வெறும் வாசலை எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை பார்த்துவிட்டேன். எல்லாம் நடந்து முடிந்த பிறகுள்ள ஊர்தான் எனக்குத் தெரிந்த ஊர். இப்போது அதில் ஆட்கள் நடமாடுவது, செத்தவர்கள் எழுந்து சிரிப்பதுபோல இருந்தது. எங்கள் நான்கு பேர் கையிலும் துப்பாக்கி இருந்தது. ஒரு விசை தவறி அழுத்தினால் போதும்.

"வெளிய போயிருங்க," என்றேன்.

"ஏன்?"

"வேணாம். சுத்திப் போலாம்."

அவர் விசையை அழுத்தினார். ஊருக்கு வெளியே வந்து, பாலைவனத்தில் நீண்ட தூரம் சுற்றிக்கொண்டு போனார். அதற்குப் பிறகு ஊர்களுக்குள் நாங்கள் அதிகம் நுழையவில்லை. இப்படி விளையாடினால் அந்த விளையாட்டு முடியாது என்பது இரண்டு பேருக்கும் தெரியும். ராஜா கேமை அவர் முடித்தார். ராஜா அவருக்கு நன்றி சொன்னதை நான்தான் வாசித்துக் காட்டினேன்.

பழைய டிஸ்க்கை நான் தூக்கிப்போடவில்லை. கொழுந்து வராமல் உருளைகள் நிற்கும் மழை நாட்களில் அவர் வேலைக்குப் போன பிறகு, எனக்குப் பிரட்டு இல்லாதபோது, அதைப் போட்டுப் பூட்டிய கதவுகளை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டு போவேன். பெரும்பாலும் ஒன்றும் வராது.

அந்த அக்காவுக்கு எங்களுக்கு அடுத்த லயத்தில் வீடு கொடுத்திருந்தார்கள். அவருடைய கணவர் வேலைக்குப் போகும்போது இப்போது பூட்டுவதில்லை. மனைவியை என்னிடமோ பக்கத்து வீட்டுக்காரரிடமோ விட்டுவிட்டுப் போவார். அப்படி ஒரு மழை நாளில் அந்த அக்கா என் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் முதல் ஊருக்குள் இருந்தேன். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். சொன்னேன். ஒரு அம்மா வாசலில் நின்று உள்ளே வாங்க என்று கூப்பிடுகிறார்கள் என்று.

அவர் அந்த வெறும் வாசலைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார்.

"உள்ள போயிருப்பாங்க," என்றார். "மழையில எவ்வளவு நேரந்தான் நிப்பாங்க."

டீ போட எழுந்தேன். இரண்டு டம்ளரோடு திரும்பி வந்தபோது அவர் ஸ்டூலைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு, கன்னத்தில் கை வைத்துக் காத்துக்கொண்டிருந்தார். அணைத்துவிடட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். டீ ஆறும் வரைக்கும் இரண்டு பேரும் அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.